கஜாவுக்குப் பின் ஒரு தோட்டம்: பூமரக் கன்றுகளை வீட்டிலேயே வளர்த்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே என் சித்தப்பா வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம்தான் இந்த ஆய்வுக்குக் களம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. தென்னைதான் இந்தப் பகுதிக்குச் சோறு. அதனால் புயலுக்குப் பிறகு எல்லாப் பேச்சும் தென்னையைப் பற்றியே இருந்தது, அது நியாயமும்கூட. வாசலில் நிழல் தந்த மரங்களும் பூ தந்த மரங்களும் போனதைப் பற்றி ஆற அமரப் பேச ஆட்களுக்குப் பல மாதம் பிடித்தது.

சித்தப்பா வீட்டில் ஒரு சரக்கொன்றை வேரோடு சாய்ந்தது. கொல்லைக் கோடியில் ஓங்கி நின்ற மரமல்லி பாதியில் முறிந்தது. வேலியோரப் பூவரசுகள் கிளைகளை இழந்தாலும் வேர் நகராமல் நின்றன. ஒரே காற்று, ஒரே மண், மூன்று மரத்துக்கும் மூன்று கதி. கன்று உருவாக்கும் முறையைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

அடுத்த மழைக்கு நர்சரியிலிருந்து கொன்றைக் கன்றுகள் வந்தன. ஆளுயரக் கன்றுகள், பார்க்க நன்றாகவே இருந்தன. நட்டு ஓரிரு வருடம் கழித்து ஆடிக் காற்றில் ஒன்று சாய்ந்தது. புயல் இல்லை, சும்மா ஆடிக் காற்று. சித்தப்பா அதைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தபோது ஆணிவேர் கீழே இறங்காமல், பழைய பாலித்தீன் பையின் வட்டத்திலேயே சுருண்டு சுருண்டு தடித்திருந்தது. "பையை எடுத்துட்டோம், ஆனா வேரு இன்னும் பைக்குள்ளயே இருக்கு பாருப்பா" என்று எனக்குப் படம் அனுப்பினார்.

இது பலருக்கும் நடப்பதுதான். பையில் கன்று அதிக நாள் இருந்தால் வேர் சுவரில் முட்டிச் சுற்ற ஆரம்பிக்கும். மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாக நிமிராது. வருடம் ஆக ஆக வேரும் தடிக்கும், அடித்தண்டும் தடிக்கும், ஒன்றை ஒன்று நெரிக்கும். மேலே மரம் செழிப்பாகத் தெரியும், கீழே பிடிமானம் இருக்காது. புயல் பாதையில் இருக்கும் ஒரு ஊருக்கு இதைவிடப் பெரிய குறை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டில் கன்று உருவாக்கினால் பணம் மிச்சமாகும், பொழுது போகும் என்றெல்லாம் சொல்வார்கள். இந்த வீட்டில் அதற்கான காரணம் வேர்தான். கன்று எந்த வயதில், எந்த வேரோடு மண்ணுக்குப் போகிறது என்பதை நாமே தீர்மானிக்க முடியும் என்பதற்காகத்தான் சித்தப்பாவும் சித்தியும் இந்த வேலையில் இறங்கினார்கள்.

கொன்றை: முளைக்க மறுக்கும் விதை

சரக்கொன்றைக்கு விதைப் பஞ்சமே கிடையாது. சித்திரை, வைகாசியில் பூத்த மரத்தில் காய் மறுவருடம் தை, மாசி வாக்கில்தான் முற்றும். முழ நீளத்துக்குக் கறுத்துத் தொங்கும் உருளைக் காய். உடைத்தால் உள்ளே வில்லை வில்லையாகத் தடுப்புகள், அவற்றின் மேல் கறுப்பாகப் பிசுபிசுக்கும் சதை, ஒவ்வொரு அறையிலும் ஒரு பழுப்பு விதை. அந்தச் சதைதான் சித்த மருத்துவத்தில் பேதியாவதற்குக் கொடுக்கும் சரக்கொன்றைப் புளி. விதையைத் தண்ணீரில் அலசி எடுத்தால் போதும்.

சித்தி முதலில் விதைகளை அப்படியே தொட்டியில் ஊன்றினார். வாரங்கள் போயின, மாதங்கள் போயின, ஒன்றிரண்டைத் தவிர எதுவும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் விதைகள் அழுகவும் இல்லை, ஊறவும் இல்லை. ஊன்றிய நாளில் இருந்த பளபளப்போடு அப்படியே கிடந்தன.

காரணம் விதையின் தோல். கொன்றை, மயிற்கொன்றை, புளி, வாகை என்று அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றிலும் விதைத்தோலின் வெளி அடுக்கு நெருக்கமான செல்களால் ஆனது, தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் முளைக்கரு உயிரோடு, தயாராகத்தான் இருக்கிறது. தண்ணீர் படாததால் எழவில்லை. காட்டில் குரங்கும் நரியும் கரடியும் பழச் சதைக்காக விதையையும் சேர்த்து விழுங்கி, குடல் வழியாக வெளியே தள்ளும்போது அந்தத் தோல் தேய்கிறது. மற்ற விதைகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, ஒரே வருடத்தில் எல்லாம் முளைத்துவிடாமல், பல வருடங்களில் ஒவ்வொன்றாக முளைக்கும். மரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு வருட மழை பொய்த்தாலும் வம்சம் அழியாது. நமக்குத்தான் அவசரம்.

வனத்துறை நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் ஊறவைத்துத் தோலை அரிப்பதுண்டு. வீட்டில் அதை யாரும் முயல வேண்டாம், கண் போய்விடும். வீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொதித்து அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் விதைகளைப் போட்டு, அது ஆறும் வரை விட்டு, இரவு முழுக்க அதிலேயே ஊறவைப்பது. அடுப்பில் வைத்தே வேகவைத்தால் கரு செத்துவிடும், இறக்கிய பிறகுதான் போட வேண்டும். இரண்டாவது, உப்புத்தாளில் தேய்ப்பது அல்லது நகவெட்டியால் விதையின் ஓரத்தில் துளி கிள்ளுவது. விதையின் கூர்முனைப் பக்கம், அதாவது காயோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம், முளைக்கரு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் கிள்ள வேண்டும். உள்ளே வெளிறிய நிறம் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடலாம்.

சித்தி இரண்டையும் செய்து பார்த்தார். வெந்நீரில் போட்டதில் ஒரு பகுதி ஊறிப் பருத்தது, மிச்சம் அப்படியே இருந்தது. ஊறாததை மட்டும் எடுத்து நகவெட்டியால் கிள்ளி மறுபடி ஊறப்போட்டதும் அவையும் மறுநாள் காலையில் பருத்துவிட்டன. என் பார்வையில் இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பாடம் இது: ஊறிப் பருத்த விதையை மட்டுமே ஊன்றுங்கள். பருக்காத விதையை ஊன்றிவிட்டு நாள் எண்ணுவதில் அர்த்தமில்லை. வண்டு துளைத்த ஓட்டை இருக்கும் விதைகளை முன்பே ஒதுக்கிவிட வேண்டும். அவையும் தண்ணீரில் பருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. இப்படித் தயார் செய்தவை ஓரிரு வாரத்தில் முளைத்தன.

விதைக்கும் மாதமும் முக்கியம். கொன்றை விதை காய்ந்த இடத்தில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதனால் மாசியில் எடுத்ததும் விதைக்க வேண்டிய அவசியம் இல்லை. வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ விதைத்தால் ஐப்பசி மழை பிடிக்கும்போது கன்று சாண் உயரத்தைத் தாண்டி, வேர் சுருள ஆரம்பிக்காத பருவத்தில் இருக்கும். அந்த இளங்கன்றை நடுவதுதான் நோக்கம். ஆளுயரக் கன்றுக்கு ஆசைப்படுவதை விட்டுவிட வேண்டும்.

தொட்டி, மண், தண்ணீர்

கொன்றை முளைத்த முதல் வாரங்களில் மேலே வளர்வதைவிடக் கீழே வேகமாக வளரும். தட்டையான தொட்டியில் விதைத்து, பிறகு பிடுங்கி மாற்றினால் ஆணிவேர் முறியும். அதனால் சித்தி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை வெட்டி, அடியில் நிறையத் துளை போட்டு, வெளிச்சம் படாமல் பழைய கறுப்புப் பாலித்தீனைச் சுற்றி, பாட்டிலுக்கு ஒரு விதை என்று நேரடியாக ஊன்றினார். நடும் நாளில் பாட்டிலை நெடுக்காகக் கத்தரித்தால் மண் உடையாமல் கன்று வெளியே வந்துவிடும். பாட்டிலை உரித்ததும் வேரின் சுற்றோட்டத்தைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. சுற்ற ஆரம்பித்த சல்லிவேர் தெரிந்தால் அந்த இடத்திலேயே வெட்டிவிடலாம், மரம் தாங்கும்.

மண் கலவை, எல்லோரும் சொல்வதுதான்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவு இந்த ஊரில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும், ஆனால் புதிதாக எடுத்ததை அப்படியே போடக் கூடாது. அதில் உப்பும் டானினும் இருக்கும். பலமுறை அலசியோ மக்கவைத்தோதான் பயன்படுத்த வேண்டும்.

நாற்றுகளில் பாதியைக் கொண்டுபோனது நாற்றழுகல் நோய். முளைத்து இரண்டு இலை விட்ட கன்று, மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்தது போலக் கறுத்து மடிந்து விழும். மண்ணில் இருக்கும் பூஞ்சைதான் காரணம் என்றாலும் அதை வளர்த்துவிடுவது பெரும்பாலும் தினமும் ஊற்றும் தண்ணீரும் காற்றோட்டம் இல்லாத நெருக்கமும்தான். சித்தி காலையில் மட்டும், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்று மாற்றினார். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை கலந்த எருவைச் சேர்த்தார். அடுத்த தொகுதியில் இழப்பு வெகுவாகக் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தண்ணீரைக் குறைத்ததுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு தொல்லை பச்சைப் புழு. மஞ்சள் கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று கொன்றைத் தளிரைத் தேடி வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் ஒரு கன்றின் இலை முழுவதையும் இரண்டு நாளில் தின்றுவிடும். சித்தி மருந்து அடிக்கவில்லை. சிறு கன்றுகளைக் கொசுவலைத் துணியால் மூடினார், பெரியவற்றை விட்டுவிட்டார். இலை போனாலும் கொன்றை மறுபடி துளிர்க்கும். கொன்றை இருந்தால் அந்தப் பூச்சியும் இருக்கும் என்று ஏற்றுக்கொள்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

விதையே இல்லாத மரங்கள்

முறிந்த மரமல்லியின் கதை வேறு. மரமல்லியின் சொந்த நாடு பர்மாவும் அதைச் சுற்றிய தென்கிழக்கு ஆசியாவும். நம் ஊரில் கொத்துக் கொத்தாகப் பூத்து, விடிந்ததும் தரை வெள்ளையாகும் அளவுக்குக் கொட்டினாலும், காய்ப்பது மிக அரிது. விதைக்காகக் காத்திருந்து பயனில்லை. அதற்குப் பதிலாக மரம் தன் வேர்களிலிருந்தே கன்றுகளை அனுப்புகிறது. தாய்மரம் முறிந்த அடுத்த மாதங்களில் அடிமரத்தைச் சுற்றிப் பல அடி தூரம் வரை வேர்க்கன்றுகள் வந்தன.

பலரும் இந்த வேர்க்கன்றைப் பார்த்ததும் பிடுங்கி நட்டுவிடுவார்கள், அது வாடிவிடும். கன்றுக்கு அப்போது சொந்த வேர் குறைவு, தாய்வேரில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. சித்தப்பா செய்த முறை நல்லது. கன்றுக்கு இருபுறமும் தாய்வேரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, கன்றை மட்டும் அந்த இடத்திலேயே சில வாரம் விட்டுவைத்தார். தொடர்பு அறுந்த கன்று தனக்கென்று வேர் விடும். புது இலை தெளிவாக வந்த பிறகு, மழை நாளில், மண்ணோடு எடுத்து நட்டார்கள்.

எங்கே நடுவது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். சித்திக்கு மரமல்லி வாசலில் வேண்டும், அந்த மணத்துக்காக. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அவர் பக்கம்தான். மரமல்லி நெடுநெடுவென்று உயரும், கட்டை எளிதில் முறியும் தன்மை உடையது. கஜாவில் இந்த மரம் வேரோடு சாயாமல் பாதியில் முறிந்ததே அதற்குச் சாட்சி. வீட்டிலிருந்து மரத்தின் முழு உயரத்துக்கும் அதிகமான தூரம் தள்ளி நடலாம், கூரைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. வேர்க்கன்று விடும் பழக்கத்தால் சுவர், கழிவுநீர்த் தொட்டி ஓரமும் ஆகாது. கடைசியில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, கொல்லைக் கோடியில், ஒன்றே ஒன்று நடப்பட்டது.

வாசலுக்கு என்ன என்ற கேள்விக்கு விடையாக வந்தது ஹாங்காங் மந்தாரை. தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் ஒரு மரம் இருந்தது. இது ஓர் அதிசயமான செடி. 1880 வாக்கில் ஹாங்காங்கில் கடற்கரையோரம் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கண்ட ஒரே மரத்திலிருந்து வந்தவை என்றே இன்று உலகில் இருக்கும் இந்த வகை மரங்கள் கருதப்படுகின்றன. நம் ஊரிலும் இருக்கும் இரண்டு மந்தாரை இனங்கள் கலந்து பிறந்த கலப்பு இது. மலடு, காய் பிடிக்காது. ஹாங்காங்கின் கொடியில் இருக்கும் பூ இதுதான். மனிதக் கை ஒட்டுக் கட்டியும் பதியம் போட்டும் பரப்பவில்லை என்றால் அந்த ஒரு மரத்தோடு முடிந்திருக்கும்.

இதற்கு விண்பதியம் போட்டோம். பென்சில் தடிமனுள்ள, முற்றியும் முற்றாத கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அதைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பிறகு ஈரமான பாசியையோ அலசிய நார்க்கழிவையோ அந்த இடத்தில் பொத்தி, பாலித்தீன் சுற்றி, இரு முனையும் இறுகக் கட்ட வேண்டும். மரக்கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. ஆனால் இலையில் தயாராகும் சர்க்கரையும், வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழி அடைபட்டதும் அவை வெட்டின் மேல் விளிம்பில் தேங்கும். அங்கேதான் வேர் கிளம்புகிறது. அதனால் வேர்த்தூள் தடவுவதானால் மேல் விளிம்பில் தடவுங்கள், நடுவில் பூசுவது வீண். இளநீரில் நனைத்தால் வேர் வரும் என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. இளநீரில் நிறைய இருப்பது சைட்டோகைனின். அது தளிரைத் தூண்டும் சரக்கு, வேர் வருவதற்கு அதை நம்ப முடியாது. இளநீரைக் குடித்துவிடலாம்.

பாலித்தீன் வழியாக வேர்கள் வெள்ளையாகவும், பிறகு பழுப்பாகவும் தெரிந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டி, இலைகளில் பாதியைக் குறைத்து, நிழலில் தொட்டியில் வைத்துப் பழக்கினோம். போட்டதில் சில காய்ந்தும் போயின. எறும்பு பாலித்தீனைத் துளைத்த கட்டுகளில் ஈரம் நிற்கவில்லை.

பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. சிறிய மரமாகவே நிற்கும் மந்தாரைக்கு அது பெரிய குறை இல்லை, கவாத்து செய்து தலையைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளலாம். கொன்றையையோ மகிழத்தையோ இந்த முறையில் செய்து பெரிய நிழல்மரமாக வளர்க்க நினைப்பது புயல் ஊருக்குச் சரிவராது.

போத்து நடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, டெல்டாவில் எல்லோருக்கும் கை வந்த வேலை. பூவரசு, கல்யாண முருங்கை, கிளுவை எல்லாம் கைத்தடிமன் கிளையை வெட்டி ஊன்றினால் வந்துவிடும். ஈழத்தலரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நர்சரியில் ப்ளுமேரியா என்று சொல்லும் இந்த மரத்தின் கிளையை வெட்டிய உடன் நடக் கூடாது. நிழலில் ஒன்றிரண்டு வாரம் போட்டு வைத்து, பால் வடிவது நின்று, வெட்டுவாய் காய்ந்து இறுகிய பிறகு மணல் மிகுந்த கலவையில் நட்டு, இலை வரும் வரை தண்ணீரை மிகக் குறைவாகக் கொடுக்க வேண்டும். இலை உதிர்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் இதற்கு நல்ல காலம். ஐப்பசி மழையில் வெட்டி நட்டவை அழுகிவிட்டன.

செண்பகம்: காத்திருக்காத விதை

கொன்றைக்கு நேர் எதிர் செண்பகம். அதன் விதை வருடக்கணக்கில் காத்திருக்காது. காய்க்கொத்து வெடித்து, சிவந்த சதை போர்த்த விதைகள் வெளியே தெரியும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பறவைகள் கொண்டுபோய்விடும். அந்தச் சதையில் எண்ணெய்ப் பசை உண்டு, அது முளைப்பைத் தடுக்கும். மணலோடு சேர்த்துக் கசக்கிக் கழுவி நீக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து டப்பாவில் போடும் வழக்கமான வேலையைச் செய்தால் சில வாரத்திலேயே விதை செத்துவிடும். கழுவிய கையோடு, ஈரம் காயும் முன், நிழலில் விதைத்துவிட வேண்டும். யாரிடமாவது செண்பக விதை தபாலில் வாங்குவதாக இருந்தால் ஈர மணலில் பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள். காகித உறையில் வரும் விதைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

முளைக்க ஒன்றரை மாதம், சில சமயம் அதற்கும் மேலாகும். சித்தி பொறுமையாக ஈரம் காத்தார், அணிலுக்காகக் கம்பி வலை போட்டார். முளைத்தவை நன்றாகவே வளர்ந்தன. சிக்கல் அதற்கு அப்புறம்: விதைக் கன்று பூக்க எட்டு, பத்து வருடம் ஆகலாம். பூ எந்த நிறத்தில் வரும், எவ்வளவு மணக்கும் என்பதும் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி கிடையாது. சித்தியின் வயதுக்கு அது நீண்ட காத்திருப்பு. அவரே சொன்னார்: "எம் பேத்திக்குப் பூக்கட்டும், எனக்கும் கொஞ்சம் பூக்கட்டும்."

இந்த இடத்தில்தான் ஒட்டுக்கட்டுதல் வருகிறது. செண்பகத்தில் கிளை வெட்டி நட்டு வேர் வரவைப்பது கடினம். பதியம் வரும், ஆனால் ஆணிவேர் இருக்காது. விதைக் கன்றின் மேல் பூத்த மரத்தின் கிளையை ஒட்டினால், கீழே விதையிலிருந்து இறங்கிய ஆணிவேர், மேலே பூக்கும் வயதை அடைந்த கிளை, இரண்டும் ஒரே மரத்தில் கிடைக்கும். நன்றாகக் கூடிய ஒட்டு இரண்டு மூன்று வருடத்திலேயே பூக்கலாம். இந்த ஊருக்கு ஏற்ற முறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, வேலை கூடுதல் என்றாலும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுச் செண்பகம் கஜாவில் தப்பியது. அதன் பூ நல்ல ஆரஞ்சு நிறம். அந்த வீட்டு அம்மா சம்மதித்துவிட்டார். கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டாமலே கன்றோடு சேர்த்துக் கட்டும் நெருக்கு ஒட்டுக்குத் தொட்டியைத் தாய்மரத்தின் கிளை உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் சித்தப்பா மரத்தடியில் மூங்கிலால் பரண் கட்டியிருக்கிறார். கன்றின் தண்டும் கிளையும் ஒரே தடிமனில் இருக்கும்படி தேர்ந்தெடுத்து, இரண்டிலும் இரண்டு அங்குல நீளத்துக்குப் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, பட்டையோரப் பச்சை ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்துப் பாலித்தீன் பட்டையால் இறுகச் சுற்றியாகிவிட்டது. தொட்டிகளுக்கு இப்போது அந்த வீட்டு அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு மூன்று மாதத்தில் ஒட்டு கூடியதும் ஒரேயடியாக வெட்டப் போவதில்லை. தாய்க்கிளையை ஒட்டுக்குக் கீழே முதலில் பாதி ஆழத்துக்கு வெட்டி, சில வாரம் கழித்து முழுதாக அறுத்து, அதன் பிறகு கன்றின் தலையை ஒட்டுக்கு மேலே நீக்க வேண்டும். அதில் எத்தனை பிழைக்கின்றனவோ, அவை வடகிழக்கு மழை தொடங்கியதும், கடற்காற்று நேராக அடிக்காத வீட்டின் மேற்குப் பக்கத்தில் நடப்படும். குழிகளைச் சித்தப்பா இப்போதே தோண்டி வைத்துவிட்டார். ஊன்றுகோலைத் தளர்வாகத்தான் கட்ட வேண்டும், தண்டு காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் அடி தடிக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.